ஒன்று குறைந்த ஊர் ஓட்டு

கரும்பலகையில் ஒரு பூசணிக்காயையும் ஒரு குடையையும் வரைந்து வைத்துக்கொண்டு, அவற்றுக்காக ஊராரிடம் நான் ஓட்டுக் கேட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. எண்பதுகளின் நடுப்பகுதி. மாரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டங்களுக்கு ஊடே ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் வருகிற ஒரு மலையூரில் ஆசிரியராக இருந்தேன். ஊரின் பெயரைச் சொல்லாமல் விடுவதுதான் நல்லது. ஐம்பது வீடுகூட இருக்காது. ஒரே அறை கொண்ட பள்ளி, நான் ஒருவனே வாத்தியார். வாரம் முழுக்கப் பள்ளியை ஒட்டிய சின்ன அறையில் தங்கிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் சேலத்துக்கு இறங்கிவிடுவேன். சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தாலுகா அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மலைக் கிராமங்களில் செல்லாத ஓட்டு அதிகம் விழுகிறதாம். முத்திரையை எங்கே குத்துவது, சீட்டை எப்படி மடிப்பது என்று ஆசிரியர்கள் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டுமாம்.

அந்த வயதில் எனக்கு இப்படிப்பட்ட வேலைகளில் பெரிய உற்சாகம் இருந்தது. பள்ளி வராந்தாவில் ஊரையே கூட்டினேன். பழைய நோட்டுத் தாளில் பூசணியும் குடையும் வரைந்து போலிச் சீட்டுகள் செய்தேன். மை ஒற்றி, குத்தி, மை மறுபக்கம் படியாமல் நெடுக்காக மடித்துக் காட்டினேன். பூசணிக்காய்க்கு யார் நிற்கிறார்கள் என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு குரலை உயர்த்தி அந்த வார்த்தைகளைச் சொன்னேன். “மறைப்புக்குப் பின்னால போயிட்டா நீங்களும் சீட்டும்தான். யாருக்குப் போட்டீங்கன்னு புருசன் பொண்டாட்டிய கேக்கக்கூடாது, ஊர்க்கவுண்டர் ஊரைக் கேக்கக்கூடாது. கேக்கறதே தப்பு. சட்டத்துல அப்படித்தான் இருக்குது.”

பள்ளிக்குச் சத்துணவு ஆக்குகிற அக்கா, கையில் கரண்டியோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். சமையலக்கா என்றுதான் நானும் பிள்ளைகளும் கூப்பிடுவோம். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வாய்த் துடுக்கு உண்டு, கை அதைவிட வேகம். கீரையை ஆய்ந்துகொண்டே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டுக்கேட்டு, பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் அவருக்கு மனப்பாடம். அவர்தான் கேட்டார்.

“ஏனுங் சார், நெசமாவே ஆருக்கும் தெரியாதுங்களா?”

“ஆண்டவனுக்குக்கூடத் தெரியாதுங்க அக்கா” என்றேன்.

அது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. மலையூர் என்பதால் அந்தச் சின்ன ஊருக்கே தனி வாக்குச்சாவடி, தனிப் பெட்டி. எண்ணுமிடத்தில் பெட்டி பெட்டியாகத் திறந்து எண்ணுவார்கள். மேசைக்கு எதிரே கட்சிக்காரர்கள் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரிய ஊரில் ஒருவரது ஓட்டு கூட்டத்தில் கரைந்துபோகும். இங்கே ஊரே ஒரு கைப்பிடி. அதில் ஒன்று வேறு நிறமாக இருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அந்த ஊரில் ஓட்டு என்பது வீட்டுக்கு வீடு வேறுபடுகிற விஷயமாக இருந்ததே இல்லை. ஊர் ஓட்டு என்றுதான் சொல்வார்கள். தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூடுவார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் பேசுவார், நாலு பேர் மறுத்துப் பேசுவார்கள், கடைசியில் ஒரு சின்னம் முடிவாகும். ஆண், பெண் அத்தனை பேரும் அதில்தான் குத்துவார்கள். நான் முதலில் இதை அறியாமை என்று நினைத்திருந்தேன். ஊர்க்கவுண்டரின் கதை தெரிந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அவருடைய மருமகளுக்குப் பிரசவ வலி கண்டபோது, கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு மாரமங்கலம் ரோட்டை நோக்கி ஓடியிருக்கிறார்கள். மழை. பாதி வழியில், ஒரு பாறைத் திருப்பத்தில், அந்தப் பெண்ணும் பிள்ளையும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவர் வாயில் ரோடு என்ற ஒரு சொல்லைத் தவிர வேறில்லை. “நம்மகிட்ட வேற என்னுங்க இருக்குது குடுக்கறதுக்கு? இந்த ஓட்டுத்தான். சிதறாமக் குடுத்தா மதிப்பானுங்க” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆளுங்கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் அந்த முறை மலையேறி நடந்தே வந்து, ஊர் ஓட்டு மொத்தமும் விழுந்தால் ஆறு மாதத்தில் ரோடு என்று கோயில் வாசலில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மார்கழிக் குளிரில் தேர்தல் நடந்தது. எனக்குச் சேலத்துப் பக்கம் வேறொரு சாவடியில் வேலை. முடிவு வந்து, ஆளுங்கட்சி ஜெயித்து, நான் ஊருக்குத் திரும்பியபோது எல்லோரும் முகம் செத்துக் கிடந்தார்கள். ஊர்க்கவுண்டர் நன்றி சொல்ல மாரமங்கலம் வரை போயிருக்கிறார். ஜீப்பில் உட்கார்ந்தபடியே அந்தப் பிரமுகர் சிரித்திருக்கிறார். “என்ன கவுண்டரே, மொத்தமும்னு சொன்னீங்க, உங்க பெட்டியில எதிர்ப்பக்கம் ஒன்னு விழுந்திருக்குதே! உங்க ஊரே உங்க பேச்சக் கேக்கல, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ரோடு கேக்கறது?”

இப்போது யோசித்தால் அது ஒரு சாக்கு என்று புரிகிறது. அந்த ஒரு ஓட்டு விழாமல் இருந்திருந்தாலும் ரோடு வந்திருக்காது. கண் மங்கிய ஏதோ ஒரு கிழவியின் கை ஒரு கட்டம் தள்ளிக் குத்தியிருக்கலாம். எத்தனையோ சாவடிகளில் நானே அதைப் பார்த்திருக்கிறேன். கை தவறியிருக்கும் என்று ஊர்க்கவுண்டரிடமும் அப்போதே சொன்னேன். அவர் காதில் விழவில்லை. செத்துப்போன மருமகளுக்கு ஊருக்குள்ளேயே ஒருவர் துரோகம் செய்துவிட்டதாக அவர் நினைத்துவிட்டார். யாரென்று தெரிந்தாக வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கோயில் முன்னால் எல்லோரையும் வரச் சொன்னார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு கல்லின்மேல் சூடத்தை ஏற்றி, ஓட்டுள்ள ஒவ்வொருவரும் வந்து, ஊர் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டேன் என்று சொல்லி உள்ளங்கையால் அதை அடித்து அணைக்க வேண்டும். மறுபடி ஏற்றுவார்கள். அடுத்தவர் வருவார். ஒவ்வொருவராக வந்து அணைத்துவிட்டுப் போனார்கள். கிழவர்கள், புதிதாகக் கல்யாணமான பெண்கள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். சமையலக்காவின் கணவர் எஸ்டேட்டில் கூலிவேலை செய்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவரும் அணைத்தார். அடுத்து அக்கா. அவர் கல்லின் முன்னால் வந்து நின்று, கையை முந்தானைக்குள் கட்டிக்கொண்டார்.

“நான் அடிக்க மாட்டனுங்க.”

“ஏன்?”

“கேக்கறதே தப்புன்னு வாத்தியார் சொன்னாருங்க. தப்பான கேள்விக்கு சாமி முன்னால நின்னு எதுக்குங்க பதில் சொல்லோணும்?”

ஊர் முழுக்க என் பக்கம் திரும்பியது. ஊர்க்கவுண்டர் கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். “ஏனுங்க வாத்தியாரே, சட்டம் அப்படித்தானுங்களா?”

அந்த நிமிஷத்தை எத்தனையோ முறை மனதுக்குள் திரும்ப நடத்திப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதில் நான் சரியாகப் பேசுகிறேன். நிஜத்தில் நான் சொன்னது இதுதான். “சட்டம் அப்படித்தானுங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தேன். மேலும் ஒரு வாக்கியம் தானாக வந்தது. “ஆனா ஊர் ஒத்துமைக்காக அக்கா சொல்லிட்டாலும் தப்பில்லீங்க.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. அடுப்பில் வைத்த பாலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பொங்கவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. கையை எடுக்கவே இல்லை. சூடம் தானாக எரிந்து அணைந்தது.

ஊரை விட்டுத் தள்ளிவைப்பது சத்தமில்லாமல் நடந்தது. யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. ஊற்றுக்கு அவர் குடத்தோடு போனால் மற்றவர்கள் விலகி நின்றார்கள். அடுப்புக்கு நெருப்புக் கொடுக்கவில்லை. அவர் வீட்டு மிளகைச் சந்தைக்குப் போகும் குதிரையில் ஏற்றிக்கொள்ளவில்லை. இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் திங்கட்கிழமை மத்தியானம் பிள்ளைகள் தட்டு இல்லாமல் வந்தார்கள். அவர் கையால் ஆக்கியதைச் சாப்பிடக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா வழக்கம்போலச் சோறு வடித்து, பருப்பைக் கடைந்து, கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். “வாங்க கண்ணு, சூடா இருக்குது” என்று கூப்பிட்டார். முதல் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவளுடைய அண்ணன் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். முப்பது பிள்ளைகளும் அந்தச் சோற்று வாசனைக்குள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது கவளத்தோடு எழுந்துவிட்டேன்.

ஒன்பது நாள் அப்படிப் போனது. ஊர்க்கவுண்டரிடம் போய்ப் பேசினேன். “நான் எதுவும் சொல்லலீங்க வாத்தியாரே, அந்தப் பிள்ளை ஒரே வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே நானே வந்து அதுங்கையால வாங்கிச் சாப்பிடறேன்” என்றார். அவரும் உருகித்தான் போயிருந்தார். ஏற்காட்டில் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, ஊர்க்கட்டுப்பாட்டில் வாத்தியார் தலையிட வேண்டாம், பிள்ளைகள் சாப்பிட்டாக வேண்டும், அதற்கு என்ன வழியோ அதைச் செய்கிறோம் என்றார். செய்தார்கள். அக்காவை நிறுத்திவிட்டு வேறொரு பெண்ணைச் சமையலுக்குப் போட்டார்கள். பிள்ளைகள் தட்டோடு வந்தார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள், பாத்திரங்களை ஒப்படைக்க வந்திருந்த அக்காவிடம் நானும் கேட்டுவிட்டேன். இதை எழுதக் கூசுகிறது. “அக்கா, நெசமா யாருக்குத்தான் போட்டீங்க?” என்றேன்.

அவர் சிரித்தார். “நீங்களுமா சார்?” என்றார். பெரிய வடிசட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அந்த மாதக் கடைசியில் அவரும் கணவரும் எஸ்டேட் கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். கணவர் நினைத்திருந்தால் ஊரிலேயே இருந்திருக்கலாம், சூடம் அணைத்தவர்தானே. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் நடந்தார். அக்கா காப்பிப் பழம் பறிக்கப் போனார். சொந்தமாக நாலு பலா மரமும் கொஞ்சம் சாமைக் காடும் வைத்திருந்தவர். அடுத்த ஆண்டு எனக்கு ஏற்காட்டுக்கே மாற்றல் கிடைத்தது. அங்கே ஒண்டிக்கடை என்கிற இடத்தில் சந்தை நாளில் எப்போதாவது அவரைப் பார்ப்பேன். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். அந்தப் பேச்சை இருவருமே எடுத்ததில்லை.

பிறகு வந்த தேர்தல்களில் ஒன்றில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குலுக்கலில் எனக்கு விழுந்தது அதே ஊர்ச் சாவடி. நான் பாடம் நடத்திய அதே அறைக்குத் தலைமை வாக்குச்சாவடி அலுவலராகப் போனேன். ஆனி மாதச் சாரலில், பெட்டியைச் சுமந்து வந்தவர்களுக்குப் பின்னால் வழுக்கி வழுக்கி நடந்தேன். ரோடு வந்திருக்கவில்லை. வேறு கட்சி, வேறு பிரமுகர், ஆனால் அதே வாக்குறுதிக்கு ஊர் ஓட்டு முடிவாகியிருந்தது. அந்தக் கட்சியின் ஏஜென்டாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ஊர்க்கவுண்டர்தான். நிறைய மூத்துப்போயிருந்தார். அவருக்குப் பக்கத்தில் எதிர்க்கட்சிக்கு ஏஜென்டாக, அடிவாரத்துப் பக்கமிருந்து வந்த ஓர் இளைஞர். சட்டப் புத்தகத்தையே கையில் வைத்திருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் சமையலக்கா வந்தார். பெயர் இன்னும் அந்த ஊர்ப் பட்டியலில்தான் இருந்திருக்கிறது. எஸ்டேட்டிலிருந்து மழையில் நடந்தே வந்திருந்தார். வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். விரலில் மை வைத்தார்கள், கையெழுத்துப் போட்டார், சீட்டை வாங்கிக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். வெளியே வந்தபோது சீட்டு மடிக்கப்படாமல் இருந்தது. பெட்டியின் பக்கம் போகாமல் நேராக பெஞ்சுக்கு வந்து, இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்தார்.

“கவுண்டரே, நல்லாப் பாத்துக்கங்க. ஊரு சொன்ன சின்னம்தானுங்களே? அன்னிக்கும் ஊரு சொன்னதுக்குத்தான் போட்டேன். இன்னிக்கும் அதுக்குத்தான் போட்டிருக்கறேன். கேக்காம இருந்திருந்தீங்கன்னா நானே சொல்லியிருப்பனுங்க.”

ஊர்க்கவுண்டர் சீட்டைப் பார்த்தார். பிறகு அவரால் நிமிரவே முடியவில்லை.

“அக்கா, மடிங்க, மடிச்சு உள்ள போடுங்க” என்று நான் எழுந்துவிட்டேன். அவர் கையை இறக்கவில்லை. வரிசையில் நின்ற பெண்களின் பக்கமும் திருப்பிக் காட்டினார். இளைஞர் எழுந்தார். “சார், ஓட்டைக் காட்டிட்டாங்க. நீங்க சொன்ன பின்னாலயும் மடிக்கல. சீட்ட வாங்கி ரத்து பண்ணுங்க சார். விதி இருக்குது.” அவர் சொன்னது சரிதான். பயிற்சி வகுப்பில் நானே மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்ன விதி. ரகசியத்தை மீறினால் சீட்டைத் திரும்ப வாங்கி, பின்புறம் ரத்து என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தனி உறையில் போட வேண்டும். அந்த ஆளுக்கு மறுபடி சீட்டுக் கிடையாது. விட்டுவிட்டால் இளைஞர் புகார் எழுதுவார், ஊர் முழுக்க மறுவாக்குப்பதிவு வரைக்கும் போகலாம்.

அப்போது ஊர்க்கவுண்டர் எழுந்து வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டார். “வாத்தியாரே, அத உள்ள போட்ருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அந்தப் பிள்ளை ஓட்டு ஊரோட சேரட்டுமுங்க.”

என்னால் முடியவில்லை. அக்காவின் கையிலிருந்து சீட்டை வாங்கினேன். பின்புறம் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். உறையில் வைத்து ஒட்டினேன். அத்தனையும் விதிப்படி, அவர் கண்ணெதிரே.

அக்கா மேசைக்கு முன்னால் நின்று முழுதும் பார்த்துக்கொண்டிருந்தார். “சொல்ல மாட்டேன்னதுக்கு ஊரு தள்ளி வெச்சுது” என்றார் மெதுவாக. “காட்டுனதுக்கு நீங்க தள்ளி வெக்கறீங்க. அப்ப நான் என்னதானுங் சார் பண்ணோணும்?”

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சாரலில் இறங்கிவிட்டார். ஊர்க்கவுண்டர் வாசல் வரை பின்னால் போனார், “சாமி, நில்லு சாமி” என்று கூப்பிட்டுக்கொண்டே. அவர் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லைன் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அக்கா பாய் விரித்து, கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். ஊரில் சேர்த்துக்கொள்வதாக ஊர்க்கவுண்டர் ஆள் அனுப்பியிருந்தாராம். போகவில்லையாம். “போயி என்னுங்க? பழையபடி அந்த ஊத்துல தண்ணி எடுக்கறப்ப, ஒதுங்கி நின்னவங்க மூஞ்சிதானுங்களே நாபகம் வரும்” என்றார். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “உங்க மேல நொம்ப வருத்தமெல்லாம் இல்லீங் சார். உங்க வேலைய நீங்க பாத்தீங்க. சட்டப்படிதானுங்களே பண்ணீங்க” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. “போங்க சார், மழை புடிக்கப் போவுது, பஸ் போயிரும்” என்று அவரே எழுப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. எஸ்டேட் கைமாறியபோது அந்த லைன் வீடுகளில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். ஊர்க்கவுண்டர் ரோட்டைப் பார்க்காமலேயே போனார். ரோடு பல வருஷம் கழித்து, யாரும் கேட்காதபோது வந்தது.

இப்போது நான் ஓய்வுபெற்றுச் சேலத்தில் இருக்கிறேன். ஓட்டுப் பெட்டி போய் இயந்திரம் வந்துவிட்டது. தேர்தல் வந்தால் தெருவில் வாக்காளர் பட்டியலோடு வருகிறார்கள். ஒவ்வொரு வீட்டுப் பெயருக்கும் எதிரே பென்சிலால் ஏதோ குறித்துக்கொள்கிறார்கள். போன தேர்தலில் ஒரு பையன் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, சிரித்த முகமாக, “ஏனுங்க அய்யா, உங்க ஊட்ல நாலு ஓட்டு. நமக்குத்தானுங்களே?” என்று கேட்டான். கேட்பதே தப்பு என்று நான் ஊரைக் கூட்டிச் சொன்னவன். அவனுக்குப் பின்னால் தெருவில் பத்துப் பேர் நின்றார்கள். எங்கள் தெருச் சாக்கடை வேலை பாதியில் கிடக்கிறது.

“உங்களுக்குத்தானுங்க தம்பி” என்றேன். அவன் பென்சிலால் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். சாயங்காலம் மறு கட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களிடமும் அதையேதான் சொன்னேன்.